தேயிலை போனது, மணல் நின்றது

லண்டனில் கிரீனிச் தீபகற்பத்தின் முனையில் ஒரு பெரிய வெள்ளைக் கூடார அரங்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டை வரவேற்கக் கட்டிய மில்லேனியம் டோம் அது. இப்போது ஓ2 என்று பெயர். சுற்றிலும் ஆற்றைப் பார்த்த பால்கனிகளோடு அடுக்குமாடி வீடுகள். ஒரு சதுர அடி என்ன விலை என்று கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

அங்கிருந்து கிழக்கே கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் காட்சி அடியோடு மாறும். மணலும் சரளைக்கல்லும் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். கப்பலிலிருந்து இறங்கும் மணலைப் பட்டைகள் உள்ளே கொண்டுபோகும். குவியல்களுக்குப் பின்னால் தண்டவாளம்; அதில் கூட்ஸ் வண்டி. இடத்தின் பெயர் ஆங்கர்ஸ்டீன் துறை. லண்டன் நேஷனல் கேலரி 1824-ல் ஒரு வணிகர் சேர்த்துவைத்திருந்த 38 ஓவியங்களை அரசு வாங்கியதிலிருந்து தொடங்கியது. அந்த வணிகர் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டீன். அவருடைய குடும்ப நிலத்தில் 1852-ல் திறந்த சரக்குப் பாதை இது. இன்றும் சரக்குக்கு மட்டும்தான் ஓடுகிறது.

இதே ஆற்றின் கரைகளில் ஒரு காலத்தில் இலங்கை மலைநாட்டுத் தேயிலை இறங்கியது. ரம், புகையிலை, யானைத் தந்தம், கம்பளி, ரப்பர், வாழைப்பழம் எல்லாம் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிடங்கு, தனித் தண்டவாளம். அவை எல்லாம் போய்விட்டன. கப்பலில் வருவதிலேயே மலிவான சரக்கு என்று சொல்லத்தக்க மணல் மட்டும், நகரத்தின் விலை உயர்ந்த நிலத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. விலை கூடிய பொருளுக்குத்தானே விலை கூடிய இடம் கட்டுப்படியாக வேண்டும்? ஏன் தலைகீழாக நடந்தது?

இதற்கு விடை தேட முதலில் ஒரு சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

லாரியின் டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றுத் தட்டையாகிறது. சக்கரம் சுழலச் சுழல ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் நசுங்கி, பின் விரிகிறது. நசுக்கச் செலவழித்த ஆற்றல் விரியும்போது முழுதாகத் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிப் போய்விடும். நெடுந்தூரம் ஓடி நிற்கும் லாரியின் டயரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். உருளும் சக்கரம் இப்படி ஆற்றலை இழப்பதை உருள்தடை என்று சொல்லலாம். சமதளத்தில் மெதுவாகப் போகும் வண்டியை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் இந்த உருள்தடைதான். வேகம் கூடக்கூடக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போதும் இரண்டும் நசுங்கத்தான் செய்கின்றன. ஆனால் மிகமிகக் குறைவு. சக்கரமும் தண்டவாளமும் உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பு ஒரு சிறிய நாணயத்தைவிடப் பெரிதில்லை. அந்தப் பரப்பின் மேல் பல டன் எடை நிற்கிறது. எஃகு அதைத் தாங்கி, வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கணக்காகச் சொன்னால், நல்ல தார்ச் சாலையில் ஒரு டன் சுமையை லாரிச் சக்கரத்தில் நகர்த்திக்கொண்டே இருக்க 6 முதல் 10 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். தண்டவாளத்தில் அதே ஒரு டன்னுக்கு 1 முதல் 2 கிலோ போதும். இதை எப்படி அளக்கிறார்கள் என்றால், வழி எளிது. சமதளப் பாதையில் ஒரு பெட்டியைத் தெரிந்த வேகத்துக்குத் தள்ளி, இழுவையை விட்டுவிடுவார்கள். அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேகம் இழக்கிறது என்று குறித்துக்கொண்டால் தடுத்த விசை தெரிந்துவிடும். வெவ்வேறு வேகங்களில் இதைச் செய்தால் காற்றின் பங்கையும் சக்கரத்தின் பங்கையும் தனித்தனியே பிரித்துவிடலாம்.

இப்படி அளக்கும் முறைகள் வருவதற்கு முன்பே லண்டனின் தெற்குப் புறத்தில் ஒரு குதிரையை வைத்து இதைச் சோதித்தார்கள். அந்தக் கதையில் கொஞ்சம் தங்கிச் செல்வோம்.

வான்ட்ஸ்வொர்த்தில் வான்டில் என்ற சிற்றாறு தேம்ஸில் கலக்கிறது. சிறிய ஆறு, ஆனால் கரை நெடுக ஆலைகள். அவற்றின் சக்கரங்களைச் சுழற்றியது ஆற்று நீர். குரோய்டனிலிருந்து தேம்ஸ்வரை சரக்கு கொண்டுவர முதலில் ஒரு கால்வாய் வெட்டத்தான் யோசித்தார்கள். கால்வாய்க்கு நீரை எடுத்தால் ஆலைகள் நின்றுவிடும் என்று தெரிந்ததும், பொறியாளர் வில்லியம் ஜெஸ்ஸப் இரும்புப் பாதை போடச் சொன்னார். 1801-ல் நாடாளுமன்றம் அனுமதித்தது. 1803-ல் சர்ரே இரும்புப் பாதை திறந்தது. ரயில் எஞ்சின் கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கள் குதிரையையும் வண்டியையும் கொண்டுவந்து, சுங்கம் கட்டி ஓட்டலாம். ஒரு முனையில் சுண்ணாம்பும் கட்டடக் கல்லும், மறுமுனையில் தேம்ஸ் படகுகள். நீர் பற்றாததால் பிறந்த பாதை என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம்.

இந்தப் பாதையை மெர்ஸ்தம் கல்குவாரிவரை நீட்டித் திறந்தபோது, 1805 ஜூலையில், ஒரு சோதனை நடந்தது. கல் ஏற்றிய 12 வண்டிகளை ஒரே குதிரையில் பூட்டினார்கள். மொத்தம் 38 டன். குதிரை 6 மைலை 1 மணி 41 நிமிடத்தில் இழுத்துச் சென்றது. வழியில் நிறுத்தி நிறுத்தி வண்டிகளைச் சேர்த்தார்கள். கடைசியில் 50 தொழிலாளர்களையும் மேலே ஏறச் சொன்னார்கள். எடை 55 டன்னைத் தாண்டியது. குதிரை அப்போதும் நகர்ந்தது. சாதாரணச் சாலையில் ஒரு குதிரைக்கு ஒரு டன் என்பதே நல்ல சுமையாக இருந்த காலம் அது. பார்த்தவர்கள் வாய் பிளந்திருப்பார்கள்.

நாம் வாயை மூடிக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். அந்தப் பாதை மெர்ஸ்தமிலிருந்து குரோய்டனை நோக்கி இறங்குகிறது. சுமார் 120 அடிக்கு ஓர் அடி சரிவு. கண்ணுக்கே தெரியாது. ஆனால் 55 டன் சுமை அந்தச் சரிவில் நின்றால், புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 460 கிலோ விசையோடு முன்னால் இழுக்கும். ஒரு குதிரை மணிக்கணக்கில் இழுக்கக்கூடிய விசையோ 60 கிலோ அளவுதான். அதாவது வேலையில் பெரும்பங்கைச் செய்தது சரிவு. குதிரை கடைசிக் கைகொடுத்தது.

இரண்டையும் கூட்டினால் 520 கிலோ. சீரான வேகத்தில் போயிருந்தால் மொத்தத் தடையும் அவ்வளவே இருந்திருக்க வேண்டும். 55-ஆல் வகுத்துப் பாருங்கள். டன்னுக்கு ஒன்பதரை கிலோ வருகிறது. இன்றைய லாரி டயர் கேட்கும் அளவுக்கு அருகில்! அன்றைய வார்ப்பிரும்புத் தண்டவாளம் விளிம்பு வைத்த தகடு; அதில் மண்ணும் கல்லும் சேரும். அச்சுகளில் உருளைத் தாங்கிகள் கிடையாது, மசகுக் கொழுப்புதான். இன்றைய தண்டவாளத்தில் அதே குதிரையைப் பூட்டினால் சமதளத்திலேயே 40 டன் இழுக்கும். 1805-ன் பாதையில் சமதளம் என்றால் 6 டன்தான் இழுத்திருக்கும். அந்தக் காலச் சாலையோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய தாவல், சந்தேகமில்லை. ஆனால் 55 டன் என்ற எண்ணைச் சரிவைச் சொல்லாமல் சொல்வது நியாயமில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. உருள்தடை குறையக் குறைய ஏற்றம் பெரிய எதிரியாகிறது. நூறு அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றால் டன்னுக்கு 10 கிலோ கூடுதல் விசை. லாரிக்கு அது சுமை இரட்டிப்பாவதற்குச் சமம். ரயிலுக்கோ ஏழெட்டு மடங்கு. அதனால்தான் சரக்கு ரயில் சமதளத்தைத் தேடி அலையும். சமதளத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வண்டல் கொட்டித் தயாராக வைத்திருப்பது ஆறு. உலகெங்கும் ஆறும் சரக்குப் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் நீரும் சும்மா இருக்கவில்லை. மெதுவாகப் போகும் கப்பல் ஒரு டன் சுமைக்குக் கேட்கும் விசை ரயிலைவிடவும் குறைவு. அப்படியானால் லண்டனில் யார் ஜெயித்தார்கள்? நிலக்கரியின் கணக்கேடு இதற்குச் சாட்சி சொல்கிறது.

லண்டன் பல நூற்றாண்டுகளாக எரித்தது நியூகாசில் பக்கத்திலிருந்து கடல்வழி வந்த கரி. நகரத்துக்குள் வரும் கரிக்கு வரி இருந்தது. ரயிலும் கால்வாயும் கரி கொண்டுவரத் தொடங்கியதும், எந்த எல்லையைத் தாண்டினால் வரி என்று காட்ட லண்டனைச் சுற்றி எல்லைக் கம்பங்களை நட்டார்கள். சாலையோரம், கால்வாயோரம், தண்டவாளத்தின் பக்கம் என்று சுமார் 200 கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. வரி வாங்குகிறவன் எடையைக் குறித்து வைப்பான். அதனால் எத்தனை டன் கடலில் வந்தது, எத்தனை டன் ரயிலில் வந்தது என்று நமக்குத் தெரிகிறது. (அந்தக் கரி வரியில் கிடைத்த பணத்தில்தான் பொறியாளர் பாஸல்கெட் தேம்ஸின் கரையை விக்டோரியா எம்பாங்க்மென்டாகக் கட்டினார். இன்று சுற்றுலாப் பயணிகள் சாய்ந்து படம் எடுக்கும் கருங்கல் சுவர் ஒருவகையில் கரியால் கட்டியது.)

ஏடு சொல்வது இது. 1840-களின் நடுவில் ஏறக்குறைய எல்லாக் கரியும் கடல்வழி. 1860-களின் பிற்பகுதியில் ரயில் முந்திவிட்டது. பிறகு, நூற்றாண்டு முடிவதற்குள், கப்பல் மறுபடி முன்னால் வந்துவிட்டது.

இந்த ஊஞ்சலாட்டத்தை உருள்தடையால் மட்டும் விளக்க முடியாது. கப்பல்தான் எப்போதும் குறைந்த விசையில் போயிற்று. ஆனாலும் இடையில் தோற்றது. தோற்ற இடம் கடல் இல்லை, கரை. பாய்மரக் கப்பல் தேம்ஸின் நடுவில் நங்கூரமிடும். கூலிகள் கூடை கூடையாகக் கரியை மேலே தூக்கிப் படகில் கொட்டுவார்கள். படகிலிருந்து துறைக்கு. துறையில் மூட்டை கட்டி, குதிரை வண்டிக்கு. வண்டியிலிருந்து வீட்டு நிலவறைக்கு. ரயிலில் வந்த கரியோ சுரங்க வாசலில் ஏறி, கிங்ஸ் கிராஸ் கரி முனையத்தில் பெட்டியின் அடித்தட்டு திறந்து ஒரேயடியாகக் கீழே விழுந்தது.

வீடு மாற்றியவர்களுக்கு இது தெரியும். தாம்பரத்திலிருந்து அடையாறுக்கு லாரி ஒரு மணி நேரத்தில் போய்விடும்; கட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் பிரிப்பதும்தான் நாளை விழுங்கும். அடையாறுக்குப் பதில் திண்டிவனம் என்றாலும் செலவு பெரிதாக ஏறாது. ஆனால் நடுவில் வேறொரு லாரிக்கு மாற்ற வேண்டும் என்றால் கதை கந்தல். சரக்குப் போக்குவரத்தின் செலவும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. தூரத்தோடு வளர்வது இழுவைச் செலவு. ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் விழுவது கைமாற்றுச் செலவு. ஆற்றங்கரைத் தொழில்களின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் இந்த இரண்டாவதில் இருக்கிறது.

நீர் தன் பங்கைத் திரும்பப் பிடித்ததும் இதைச் சரிசெய்துதான். 1852-ல் ஜான் போஸ் என்ற நீராவிக் கரிக்கப்பல் ஓடத் தொடங்கியது. காற்றுக்குக் காத்திருக்காமல், 650 டன் கரியோடு சில நாட்களில் போய்த் திரும்பியது. 1870-ல் பெக்டனில் எரிவாயு ஆலை தொடங்கியது. கரியைச் சூடாக்கி, விளக்குக்கும் அடுப்புக்கும் வாயு எடுக்கும் ஆலை. உலகிலேயே பெரிய வாயு ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. கப்பல் ஆலையின் சொந்தத் துறையிலேயே நிற்கும். கிரேன் கரியை அள்ளி ஆலையின் சொந்த ரயில் பெட்டியில் போடும். பெட்டி நேரே உலைக்குப் போகும். நடுவில் வேறு யாரும் இல்லை. கரியைத் தின்பவனே ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டதால் கைமாற்றுகள் மறைந்தன.

ஈஸ்ட்ஹாமில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த இடம் புதிதில்லை. முருகன் கோயிலிலிருந்து தெற்கே போனால் ஏ13 சாலையோரம் ஒரு குன்று தெரியும். பெக்டன் ஆல்ப்ஸ் என்று கேலியாகப் பெயர். சதுப்புச் சமவெளியில் ஏது மலை? பெக்டன் ஆலை நூறாண்டு கொட்டிய கழிவு அது. பின்னாளில் அதில் செயற்கைப் பனிச்சறுக்கு மைதானம்கூட நடத்தினார்கள். வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் கரி வாயுவுக்கு வேலை போயிற்று. 1970-ஐ ஒட்டி பெக்டன் அணைந்தது.

நகரத்துக்கு மேற்கே இருந்த ஆலைகளுக்குப் பாலங்கள் இடைஞ்சல். அதற்கும் வழி கண்டார்கள். மேல்தளம் மட்டமாக, பாய்மரமும் புகைபோக்கியும் மடங்கும்படி கரிக்கப்பல்களைக் கட்டினார்கள். தட்டையான அந்தக் கப்பல்களுக்கு இஸ்திரிப்பெட்டி என்றே பட்டப்பெயர். பாலங்களுக்கு அடியில் நுழைந்து பேட்டர்ஸி மின் நிலையத்தின் வாசலிலேயே அவை கரி இறக்கின. கரையில் மறுபடி ரயிலேற்றும் செலவைவிடக் கப்பலின் கழுத்தை மடக்குவது மலிவாக இருந்திருக்கிறது.

இனி தேயிலைக்கு வருவோம். கரி, மணல், தானியம் போன்றவை குவியல் சரக்கு, அள்ளலாம், கொட்டலாம். தேயிலைப் பெட்டி, ரம் பீப்பாய், கம்பளிப் பொதி எல்லாம் எண்ணி எடுக்க வேண்டிய சரக்கு. இங்கே கைமாற்றுச் செலவு தலைக்குமேல் போகும். தேம்ஸில் ஓதம் இன்னொரு தொல்லை. லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நீர்மட்டம் 7 மீட்டர்வரை மாறும். அதனால் ஆற்றின் பக்கத்தில் குளம் வெட்டி, மதகுக் கதவு வைத்து, நீரைப் பிடித்து வைத்துக் கப்பலை உள்ளே விட்டார்கள். 1802-ல் வெஸ்ட் இந்தியா டாக், 1855-ல் விக்டோரியா, 1880-ல் ராயல் ஆல்பர்ட், 1921-ல் ஐந்தாம் ஜார்ஜ் என்று குளங்கள் கிழக்கே கிழக்கே நகர்ந்து பெரிதாகிக்கொண்டே போயின.

ரயிலும் கூடவே வந்தது. 1840-ல் திறந்த பிளாக்வால் பாதையில் எஞ்சினே ஓடவில்லை. இரு முனைகளிலும் நிலையான நீராவி எந்திரங்கள் கயிற்றால் பெட்டிகளை இழுத்தன. பாய், தார், மரம், ரம் எல்லாம் குவிந்த இடத்தில் எஞ்சினின் தீப்பொறி பறந்தால் என்னாகும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். 1846-ல் கரிக்கென்றே கானிங் டவுன் பக்கம் ஒரு பாதை வந்தது. 1850-களுக்குள் வட லண்டன் பாதை டாக்குகளை பர்மிங்ஹாமோடு இணைத்தது. பின்னாளில் துறைமுக ஆணையமே தனக்கென்று எஞ்சின்கள் வைத்துக்கொண்டு டாக்குகளுக்குள் ரயில் ஓட்டியது. இவ்வளவு இருந்தும் அடிப்படை மாறவில்லை. ஒரு தேயிலைப் பெட்டியை மனிதக் கைகள் எத்தனையோ தடவை தூக்கித்தான் ஆக வேண்டும்.

அதை மாற்றியது 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட ஐடியல் எக்ஸ் கப்பல். மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகள். மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை. சரக்கைத் தொடாதே, பெட்டியைத் தூக்கு என்பதுதான் கன்டெய்னரின் முழுத் தத்துவமும். உதிரியாக ஏற்றினால் டன்னுக்கு 5.83 டாலர் ஆன வேலை, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது என்று அவருடைய கணக்கர்கள் போட்டார்கள். தூரத்துச் செலவில் ஒரு மாற்றமும் இல்லை. கைமாற்றுச் செலவு மட்டும் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தப் பெட்டிக்கு லண்டன் டாக்குகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கன்டெய்னர்களை அடுக்கப் பரந்த வெற்று நிலம் வேண்டும். டாக்குகளைச் சுற்றி நகரம் நெருக்கிக்கொண்டு நின்றது. கப்பல் பெருக்கப் பெருக்க டன்னுக்கு ஆகும் செலவு குறைகிறது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரட்டிப்பானால் சுமக்கும் அளவு எட்டு மடங்காகும். தண்ணீர் உரசும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். அதனால் கப்பல்கள் வளர்வதை நிறுத்தவே இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் டாக்கின் மதகு 800 அடி நீளம், 100 அடி அகலம். 1921-ல் அது பிரம்மாண்டம். இன்றைய பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு 1,300 அடி நீளம், 190 அடிக்கு மேல் அகலம்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஈஸ்ட் இந்தியா டாக் 1967-ல் மூடியது. செயின்ட் கேதரின் 1968. லண்டன் டாக் 1969. சர்ரே 1970. வெஸ்ட் இந்தியாவும் மில்வாலும் 1980. ராயல் டாக்குகள் 1981. தேயிலை குவிந்த பட்லர்ஸ் வார்ஃப் 1972-ல் மூடி, பின்னால் வீடுகளாயிற்று. லண்டன் தேயிலை ஏலமே 1998-ல் முடிந்துபோனது. நுவரெலியாவில் பறித்த கொழுந்து லண்டனைத் தொடாமலே உலகத்துக்கு எங்கும் பெட்டியில் போகலாம் என்றான பிறகு, நடுவில் லண்டனுக்கு என்ன வேலை?

துறைமுகம் செத்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஆற்றோடு கீழே இறங்கிப் போயிருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் டில்பரியில் கன்டெய்னர்களை 1960-களின் இறுதியில் தொழிலாளர்கள் தடுத்து நிறுத்தியும் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் ஃபீலிக்ஸ்டோ துறைமுகம் வளர்ந்தது. 2013-ல் பழைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிலத்தில் லண்டன் கேட்வே கன்டெய்னர் துறைமுகம் திறந்தது, தன் சொந்த ரயில் முனையத்தோடு. லண்டன் துறைமுகம் இன்றும் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கையாளுகிறது. பழைய டாக்குகளின் இடத்தில் எழுந்த கேனரி வார்ஃபில் காபி குடிப்பவர்களின் கண்ணில் அது படுவதில்லை, அவ்வளவுதான். சரக்கு விட்டுச்சென்ற பாதைகளில் இப்போது ஆட்கள் போகிறார்கள். பிளாக்வால் கயிற்று ரயிலின் மேம்பாலத்தில் 1987 முதல் டிஎல்ஆர் நகர ரயில் ஓடுகிறது. 1878-ன் கனாட் சுரங்கத்தைப் புதுப்பித்து எலிசபெத் லைன் 2022 முதல் ஓடுகிறது.

மணல் ஏன் கிளம்பவில்லை என்பதற்கு விடை இப்போது கிட்டத்தட்டத் தானே வருகிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணலுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அதைக் கொண்டுவந்த கூலி. கன்டெய்னரில் அடைத்தால் பெட்டி வாடகைக்கே காணாது. வேறு ஊரில் இறக்கி லாரியில் கொண்டுவந்தால் உருள்தடை தன் பங்கைக் கறந்துவிடும். மணலைத் தின்பது லண்டன் நகரமேதான். நகரம் கட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த மணல் வருவது கடலடியிலிருந்து. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது, இன்றைய ஆங்கிலக் கால்வாயிலும் வட கடலின் தெற்கிலும் ஆறுகள் ஓடின. அவை விட்டுச்சென்ற சரளைப் படுகைகளைக் கப்பல்கள் குழாய் வைத்து உறிஞ்சி, ஓதம் பார்த்துத் தேம்ஸுக்குள் வருகின்றன. மதகும் வேண்டாம், டாக்கும் வேண்டாம். கப்பலே பட்டை வழியாகக் கொட்டிவிடும். கரையில் கழுவிச் சலித்து ரயில் பெட்டியில் விழவிடுவார்கள். கைமாற்று இருக்கிறது, ஆனால் எல்லாம் புவியீர்ப்பும் பட்டையும் செய்கிற வேலை. 20 பெட்டி, பெட்டிக்கு 70 டன் என்றால் 1,400 டன். 20 டன் லாரியில் ஏற்றினால் 70 லாரி.

ஆற்றின் எதிர்க்கரையில், சில்வர்டவுனில், ஹென்றி டேட் 1878-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை இன்றும் ஓடுவதற்கும் இதே நியாயம்தான். கச்சாச் சர்க்கரையும் குவியல் சரக்கு. கப்பல் ஆலையின் வாசலிலேயே நிற்கிறது.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இரவில் கப்பல் கொட்டும் சத்தம் பிடிப்பதில்லை. நியாயம்தான். ஆனாலும் லண்டன் நகர நிர்வாகம் இதில் பிடிவாதமாக இருக்கிறது. தேம்ஸின் சுமார் 50 துறைகளைச் சரக்குக்கென்றே ஒதுக்கிக் காப்பாற்றுகிறது. பழைய தொழிலின் பக்கத்தில் புதுவீடு கட்டுபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது நகரத் திட்டத்தில் எழுதிய விதி. என் கணிப்பில் இது சரியான பிடிவாதம். ஒரு துறையை ஒருமுறை வீடாக்கிவிட்டால் திரும்ப வாங்க எந்த மணல் வியாபாரியாலும் முடியாது. அந்த 70 லாரிகள் பிறகு அதே வீடுகளின் முன்வாசல் வழியாகத்தான் போகும்.

ரயிலைத் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். உருள்தடை குறைவாக இருக்கும் அதே எஃகு, பிடிமானமும் குறைவாகத் தரும். கனமான கூட்ஸ் வண்டி நிற்கவும் கிளம்பவும் நேரம் எடுக்கும். நெரிசல் நேரத்துப் பயணி ரயில்களுக்கு நடுவே அதை நுழைப்பது கால அட்டவணை போடுகிறவர்களுக்குத் தலைவலி. கடைசி சில கிலோமீட்டர்களுக்கு லாரி வந்துதான் ஆக வேண்டும்.

நம் பக்கத்திலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம், நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கிளப்பும் தூசியால் அவற்றைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்றது. கரி வடக்கே எண்ணூருக்குப் போயிற்று. லண்டன் தன் சரக்கை ஆற்றோடு கீழே தள்ளியதைப் போலத்தான். ஒடிசாவின் தால்சேர் சுரங்கக் கரி ரயிலில் பாரதீப்புக்கு வந்து, அங்கே கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, பட்டை வழியாகவே வட சென்னை அனல்மின் நிலையத்துக்குள் போய்விடுகிறது. நடுவில் கடலே குறுக்கிட்டும் கட்டுப்படியாவதற்குக் காரணம், எந்த இடத்திலும் மனிதக் கை படாததும் கடைசியில் லாரி இல்லாததும்தான். தூத்துக்குடி அனல்மின் நிலையமும் துறைமுகத்தின் பக்கத்திலேயே இருப்பதால் அதே வசதி. மேட்டூர் உள்நாட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கிய கரி அதற்காக இன்னொருமுறை ரயிலேற வேண்டும். கடலோரம் மின்நிலையம் வைத்தால் கரி மலிவு, உள்நாட்டில் வைத்தால் மின்கம்பி நீளம் குறைவு என்று திட்டமிடுவோர் வாதிடும்போது, தராசின் ஒரு தட்டில் இருப்பது அந்த ஒரு கூடுதல் கைமாற்று.